கத்தரிக்கோலும் மனச்சாட்சியும்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை வீடு சந்திக்கப் போயிருந்தேன். ஒரு குடும்பத்தில் எல்லாரும் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வீட்டுக்காரர் பெட்டியை நிறுத்தப் போனார். "இருக்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லி நானும் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். திரையில் ஒரு மனிதர் நல்ல உடம்போடு வீட்டை விட்டுப் புறப்பட்டார். விளம்பரம் வந்தது. அது முடிந்ததும் அதே மனிதர் தலையில் பெரிய கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுவன் கேட்டான்: "அப்பா, இவருக்கு எப்படி அடிபட்டிச்சு?"

"நடுவிலே ஏதாவது சண்டை இருந்திருக்கும். டிவிக்காரங்க வெட்டியிருப்பாங்க."

"வெட்டினா, வெட்டினோம்னு சொல்ல மாட்டாங்களா? நான் டம்ளரை உடைச்சா மட்டும் உடனே வந்து சொல்லணும்கிறீங்க!"

எல்லாரும் சிரித்தோம். "என்ன சாமி, இவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்க" என்றார் தகப்பனார். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு அன்று சொல்லாத பதிலை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்ல முயல்கிறேன்.

எதற்காக வெட்டுகிறார்கள்?

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையரங்குக்கென்று எடுத்த படம் தொலைக்காட்சிக்கு வரும்போது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக அதன்மேல் கை வைக்கிறார்கள்.

முதற்காரணம் ஒழுக்கமும் அதைக் காக்கும் சட்டமும். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் சினிமாச் சட்டப்படி திரையரங்குக்கு வரும் ஒவ்வொரு படமும் தணிக்கை வாரியத்தின் சான்று பெற வேண்டும். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று 'ஏ' சான்று பெற்ற படத்தை அப்படியே வீடுகளுக்குள் அனுப்பக் கூடாது. சில காட்சிகளை நீக்கி, மறுபடியும் வாரியத்திடம் காட்டி, வேறு சான்று வாங்கிய பிறகே ஒளிபரப்ப வேண்டும் என்பது வழக்கமாயிற்று. 2023-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இதைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதி, அத்தகைய படங்களுக்குத் தொலைக்காட்சிக்கெனத் தனிச் சான்று வேண்டும் என்று விதித்தது. இவை தவிர, வசனத்தில் ஒரு சொல்லை ஊமையாக்குவதும், அதன்மேல் 'பீப்' ஒலியைப் போடுவதும், மதுப்புட்டியை மங்கலாக்குவதும் நீங்கள் நாள்தோறும் காண்பவையே.

இரண்டாம் காரணம் நேரம், அதாவது விளம்பரம். நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு ஒரு வரம்பு வகுத்தன. அந்த வரம்பையே வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்குப் போனால் படத்துக்கு மிஞ்சுவது 48 நிமிடம். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் படத்துக்கு 144 நிமிடம் கிடைக்கும். படமோ இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம் ஓடுவது. மீதி 6 நிமிடம் எங்கே போகும்? ஒரு பாட்டு போகும். அல்லது தாயும் மகனும் பேசும் ஓர் அமைதியான காட்சி போகும். எதையும் வெட்டாமலே, படத்தின் ஓட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாதபடி சற்று வேகப்படுத்தி நிமிடங்களை மிச்சம் பிடிக்கும் தந்திரமும் உண்டு.

மூன்றாம் காரணம் திரையின் வடிவம். சினிமாத் திரை அகலமானது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என்ற அளவில் ஏறத்தாழச் சதுரமாக இருந்தது. படம் பெட்டி முழுவதையும் நிரப்ப வேண்டுமென்று இரண்டு ஓரங்களையும் வெட்டினார்கள். காட்சியின் இரு முனைகளில் நின்று இருவர் பேசினால், ஒருவர் காற்றோடு பேசுவது போல் ஆயிற்று. இப்போது பெட்டிகளும் அகலமாகிவிட்டதால் இந்தக் குறை குறைந்திருக்கிறது.

ஆக, பிள்ளையின் ஆத்துமத்தைக் காப்பதற்காக ஒரு வெட்டு. சவர்க்காரம் விற்பதற்காக இன்னொரு வெட்டு. இரண்டும் ஒரே கத்தரிக்கோலால் நடக்கின்றன. பார்க்கிறவனுக்கு எது எதற்காக நடந்ததென்று தெரிவதில்லை. பல நேரம், நடந்ததே தெரிவதில்லை.

வெட்டுவதே குற்றமா?

"ஒருவன் உண்டாக்கியதில் மற்றொருவன் கை வைப்பதே தவறு, வேண்டுமானால் முழுவதும் காட்டட்டும், இல்லாவிட்டால் காட்டாமல் இருக்கட்டும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கலையின்மேல் உள்ள மரியாதையினால் அப்படிச் சொல்லுகிறார்கள். ஆயினும் இந்த வாதம் முழுதும் நிற்காது.

பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது எல்லாவற்றையுமா சொல்லுகிறாள்? கொலை வரும் இடத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறாள். அதனால் அவள் பொய் சொன்னாள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வயதுக்கு ஏற்ற உணவைப் போலவே வயதுக்கு ஏற்ற பேச்சும் உண்டு.

மேலும் திரையரங்குக்கும் வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. திரையரங்குக்கு நாம் தேடிப் போகிறோம். இன்ன படம் என்று அறிந்து பணம் கொடுக்கிறோம். வாயிலில் நிற்பவன் சிறுவரைத் தடுக்கலாம். தொலைக்காட்சியோ நம்மைத் தேடி வருகிறது. அதற்கு வாயிற்காவலன் இல்லை. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1957-ல் சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் குறித்து எழுதிய சுற்றுமடலில், தொலைக்காட்சி குடும்பத்தின் நடுக்கூடத்துக்கே வருவதையும், சிறுவர்களை எட்டுவதையும் கருதித் தனிக் கவனம் வேண்டுமென்றார். ஆகவே, வீட்டுக்குள் வருவதை அளந்து அனுப்புவது நியாயமே. வெட்டு என்ற காரணத்தினாலேயே ஒரு வெட்டு குற்றமாகிவிடாது.

அப்படியானால் எப்போது குற்றமாகிறது? ஒரு செயலை நிறுத்துப் பார்க்க வேண்டுமானால், செய்தது யாது, எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழ்நிலையில் என்னும் மூன்றையும் கேட்க வேண்டும் என்பது ஒழுக்கவியலின் முதற்பாடம். இந்த மூன்று கேள்விகளையும் ஒரு மெய்யான வழக்கின்மேல் வைத்துப் பார்ப்போம்.

நனைந்த தகப்பன்

'மான்டி பைத்தான்' என்பது இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு நகைச்சுவை நிகழ்ச்சிகளை எழுதி நடித்த ஒரு குழு. பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது. ஆகையால் அவர்களுடைய ஒவ்வொரு நிகழ்ச்சியும் முழு அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடும். அவற்றுள் மூன்றை அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, 1975 அக்டோபரில் ஒன்றரை மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பிற்று. விளம்பரத்துக்கு இடம் வேண்டும். சில சொற்கள் நேயர்களுக்குப் பிடிக்காது என்ற அச்சமும் இருந்தது. ஆகவே 90 நிமிடத்தில் 24 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல்!

வெட்டப்பட்ட காட்சிகளில் ஒன்றைக் கேளுங்கள். ஓர் உயர்குடிக் குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. எந்தச் சொல் மரத்தைத் தட்டியது போல் ஒலிக்கிறது, எந்தச் சொல் தகரத்தைத் தட்டியது போல் ஒலிக்கிறது என்பது பேச்சு. பேசப்பேசத் தகப்பன் ஆபாசமான சொற்களுக்குப் போய்விடுகிறான். உடனே தாய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் தலையில் கொட்டுகிறாள். பிறகு கதை தொடர்கிறது. அமெரிக்க நிறுவனம் அந்த நடுப்பகுதியை வெட்டிற்று. ஆகவே தகப்பன் ஒரு கணம் உலர்ந்த உடையோடு இருந்தான். மறுகணம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். ஏன் என்று தெரியவில்லை. நம் சிறுவன் கேட்ட அதே கேள்வியை அன்று அமெரிக்காவில் எத்தனை பிள்ளைகள் கேட்டார்களோ!

குழுவினர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய முறையீடு என்னவென்றால், 'எங்கள் பெயரைப் போட்டு, நாங்கள் செய்யாத ஒன்றை எங்களுடையது என்று காட்டுகிறீர்கள்' என்பதே. கீழ்நீதிமன்றம் ஒளிபரப்பைத் தடுக்க மறுத்தது. 1976 ஜூனில் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவினரின் பக்கம் நின்றது. உருக்குலைந்த ஒன்றை அதன் ஆசிரியர்கள் பெயரில் காட்டினால், தாங்கள் செய்யாத வேலைக்கு அவர்கள் பழி சுமக்க நேரிடும் என்பது நீதிபதிகளின் கருத்து. திரையில் ஓரிரு சொற்களில் ஒரு குறிப்பைப் போட்டால் போதுமே என்ற யோசனையும் எழுந்தது. அது போதுமா என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஐயப்பட்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் வந்து மறையும் ஒரு வரி, ஒன்றரை மணி நேரம் மனத்தில் பதிந்ததை அழித்துவிடாது அன்றோ?

இப்போது நம் மூன்று கேள்விகளையும் கேட்போம்.

நோக்கம் யாது? பெரும்பகுதி விளம்பரத்துக்காக. ஒழுக்கத்தின் பெயர் துணைக்கு அழைக்கப்பட்டது. ஒழுக்கத்துக்கென்று தொடங்கும் கத்தரி வியாபாரத்தின் கையில் நீளமாகிவிடுவது எளிது.

செய்தது யாது? காரணத்தை எடுத்துவிட்டு, விளைவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இதில் இன்னொரு விசித்திரத்தையும் கவனியுங்கள். ஆபாசமான பேச்சை அகற்றப் போனவர்கள், அந்தப் பேச்சைக் கண்டித்த தாயின் கையையும் சேர்த்து அகற்றிவிட்டார்கள். தப்பும் போயிற்று, தப்புக்கான தண்டனையும் போயிற்று; மிஞ்சியது ஈரம் மட்டுமே. நல்ல நோக்கத்தோடு வெட்டினாலும், எதை வெட்டுகிறோம் என்று அறியாமல் வெட்டினால் நன்மையே முதலில் பலியாகும்.

சூழ்நிலை யாது? எழுதியவர்களுடைய சம்மதமின்றி, அவர்களுடைய பெயரால், பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் நடந்தது. இதுவே எல்லாவற்றிலும் பெரிது. தெருவில் கோள் சொல்லித் திரிகிறவனை நினைத்துப் பாருங்கள். அவன் எப்போதும் பொய்யா சொல்லுகிறான்? இல்லை. "உன் அண்ணன் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னான்" என்று அவன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அண்ணன் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதை வெட்டிவிடுகிறான். ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல், குறைத்தே குடும்பத்தைப் பிரித்துவிடுகிறான். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை, நாம் சேர்ப்பதை மட்டுமன்று, மறைத்துக் குறைப்பதையும் கணக்கில் எடுக்கிறது.

"பணம் கொடுத்து வாங்கியவனுக்கு வெட்ட உரிமை இல்லையா?" என்று கேட்கலாம். மேசையை வாங்கியவன் அதன் காலை அறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கடிதத்தை விலைக்கு வாங்கியவன் அதில் இரண்டு வரியை அழித்துவிட்டு, எழுதியவருடைய கையெழுத்தோடு ஊருக்குக் காட்டலாமா? காகிதம் வாங்கியவனுடையது, வார்த்தை எழுதியவனுடையது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் தன் 57-ஆம் பிரிவில், உரிமையை விற்றுவிட்ட பிறகுங்கூட, தம் படைப்பைச் சிதைத்துத் தம் மானத்துக்குக் கேடு விளைவிப்பதைத் தடுக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டென்று சொல்லுகிறது.

நம் வீட்டுச் சரித்திரம்

பிறரைக் குறை சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மிக்கேலாஞ்சலோ தீட்டிய 'பொதுத்தீர்வை' 1541-ல் முடிந்தது. அதிலுள்ள உருவங்கள் பல ஆடையின்றி இருந்ததால் அன்றே பெரிய சச்சரவு எழுந்தது. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ல் முடிந்த பிறகு அவற்றை மறைக்க வேண்டுமென்று முடிவாயிற்று. ஓவியர் 1564-ல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நண்பரான தனியேலே தா வொல்த்தேரா என்பவர் அந்தப் பணியை ஏற்று, பல உருவங்களுக்கு ஆடை தீட்டினார். பாவம், அவர் தாமும் நல்ல ஓவியரே. ஆனால் 'காற்சட்டைக்காரர்' என்னும் பரிகாசப் பெயரே அவருக்கு நிலைத்தது.

அவர் இரண்டு விதமாக வேலை செய்தார். பல இடங்களில் பழைய ஓவியத்தின்மேல் வண்ணம் பூசினார். அர்ச். கத்தரீனம்மாளின் உருவத்தின் பெரும்பகுதியையோ, பழைய சாந்தையே உளியால் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்டினார். 1994-ல் அந்தச் சுவரைத் துப்புரவு செய்து முடித்தபோது, பிற்காலத்தில் வேறு கைகள் பூசிய ஆடைகள் பலவற்றை அகற்றிவிட்டார்கள். தனியேலே பூசியவற்றையோ சரித்திரச் சாட்சியாக அப்படியே விட்டுவைத்தார்கள். பூசி மறைத்தது ஒரு நாள் துலங்கலாம். உளியால் பெயர்த்தது பெயர்த்ததே. எந்த ஆய்வாளரும் மிக்கேலாஞ்சலோவின் கத்தரீனம்மாளை அந்தச் சுவரில் இனி முழுமையாகக் காணமுடியாது.

இதை எதற்காகச் சொல்லுகிறேன்? மறைத்தவர்கள் கெட்டவர்கள் என்று காட்டுவதற்காக அன்று. அந்த இடம் திவ்விய பூசை நடக்கும் இடம். அவர்களுடைய கவலை பொய்யான கவலையுமன்று. ஆனால், காக்கத் துடிக்கும் கை அழிக்கவும் கூடும் என்பதற்கு நம்முடைய சரித்திரமே சாட்சி. ஆகவே, எவ்வளவு நியாயமான வெட்டாயினும் மூலத்தை அழிக்கக் கூடாது. பிள்ளைக்கு இன்று மறைத்தது, அவன் பெரியவனாகிக் கேட்கும் நாளில் முழுமையாகக் கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

கத்தரி யார் கையில்?

இனி நமக்கு மிகவும் நெருங்கிய கேள்வி. யார் வெட்டலாம்?

அமெரிக்காவில் சில கம்பெனிகள் படத்தட்டுகளை வாங்கி, ஆபாசத்தையும் வன்முறையையும் வெட்டி, குடும்பங்களுக்கென்று விற்றும் வாடகைக்கு விட்டும் வந்தன. 'கிளீன் ஃபிலிக்ஸ்' என்பது அவற்றுள் பேர்பெற்றது. இயக்குநர்களும் படநிறுவனங்களும் வழக்காடினார்கள். 2006-ல் நீதிமன்றம் அந்த வியாபாரம் செல்லாது என்று தீர்த்தது. ஆனால் அதற்கு முந்தின ஆண்டே, 2005-ல், அந்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. அதன்படி, முறையாக வாங்கிய ஒரு படத்தை ஒரு குடும்பம் தன் வீட்டில் பார்க்கும்போது, வேண்டாத காட்சியைத் தாண்டிப்போகவும், வேண்டாத சொல்லை ஊமையாக்கவும் ஒரு கருவியைப் பயன்படுத்தலாம். வெட்டிய புதுப்பிரதி ஒன்றை நிலையாக உண்டாக்கக் கூடாது என்பது நிபந்தனை.

சட்டத்தின் இந்த வேறுபாட்டில் ஒரு ஒழுக்க உண்மை அடங்கியிருக்கிறது. கடைக்காரன் வெட்டி விற்றால், ஆசிரியருடைய பெயரில் வேறொன்றை விற்கிறான். தகப்பன் தன் கையால் தாண்டவைத்தால் எவரையும் ஏமாற்றவில்லை. தாய் தன் கையால் பிள்ளையின் கண்ணை மூடும்போது, மூடியிருக்கிறது என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். "ஏம்மா மூடினே?" என்று அவன் கேட்பான், அவள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும்தான் பிள்ளை வளர்ப்பு. தொலைக்காட்சி நிலையத்தின் கத்தரி கண்ணை மூடுகிறது; ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

ஆகவே, "எல்லாம் தணிக்கை ஆகித்தானே வருகிறது, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று அடுக்களைக்குப் போய்விடும் பெற்றோரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கத்தரி எதை வெட்டத் தெரிந்துகொண்டிருக்கிறது? சொல்லை வெட்டும், உடலை வெட்டும், இரத்தத்தை வெட்டும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. திரையில் மதுப்புட்டி மங்கலாகிறது. குடிப்பவனுடைய பெருமை மங்கலாவதில்லை. வசைச்சொல் ஊமையாகிறது; மனைவியை நாலுபேர் முன் இழிவுபடுத்தும் கணவனுடைய பார்வை ஊமையாவதில்லை. புகைக்கும் காட்சியின் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. பழிவாங்குவதே வீரம் என்று காட்டும் காட்சியின் கீழே எந்த எச்சரிக்கையும் ஓடுவதில்லை.

இன்னுமொன்று. மாலைதோறும் வீடுகளை நிரப்பும் தொடர்களுக்குத் திரைப்படங்களைப் போல் தணிக்கை வாரியத்தின் முன்சான்று கிடையாது. ஒளிபரப்பான பின் யாராவது முறையிட்டால்தான் விசாரணை. பொறாமையும் சூழ்ச்சியுமே குடும்ப வாழ்க்கை என்று அரை மணி அரை மணியாகக் கற்றுக்கொடுக்கும் கதையில் வெட்டுவதற்கு ஓர் ஆபாசச் சொல்லும் இராது; எல்லாம் சுத்தம். அங்கே வேலை செய்ய வேண்டியது பெற்றோருடைய விவேகமே. மனச்சாட்சியைக் கூலிக்கு விட முடியாது. அதைப் பிறருடைய கையில் கொடுத்தவன் அது பழுதாகித் திரும்பும்போது குறை சொல்லவும் முடியாது.

நாம் செய்யத்தக்கவை

சொன்னதைத் தொகுத்துச் சொல்லுகிறேன். ஒரு வெட்டு நேர்மையானதா என்று அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, அது பார்ப்பவருடைய நன்மைக்காக இருக்க வேண்டும். விற்பவருடைய பைக்காக இருந்தால், ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லலாகாது. இரண்டு, அது கதையின் நியாயத்தைக் கவிழ்க்கலாகாது. தப்பை எடுத்தால் தண்டனை அந்தரத்தில் நிற்கும், தண்டனையை எடுத்தால் தப்பு வெற்றிபெறும். மூன்று, வெட்டினோம் என்று வெட்டியவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டில் தவறிப்போகிறவர்கள் பலர் நல்லெண்ணத்தில் தவறுகிறார்கள். மூன்றாவதில் தவறுவதற்கு அந்தச் சாக்கும் இல்லை. சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. மனம் மட்டும் வேண்டும்.

நிலையங்களைத் திருத்துவது நம் கையில் அதிகமில்லை. வீடு நம் கையில் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கதை தாவும் இடத்தில், "இங்கே ஏதோ வெட்டியிருக்கிறார்கள்; என்னவாக இருக்கும், ஏன் வெட்டியிருப்பார்கள்?" என்று நீங்களே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை வியக்கும்படியான பதில் சொல்லும். வேண்டாதது வந்தால் நீங்களே நிறுத்துங்கள். "இது உனக்கு இப்போது வேண்டாம், பெரியவனானதும் பேசுவோம்" என்று காரணத்தையும் சொல்லுங்கள். வாய் திறவாமல் அணைத்துவிட்டுப் போகாதீர்கள்; அப்படிச் செய்தால் நீங்களும் அந்த நிலையத்தாரைப் போல் ஆகிவிடுவீர்கள்.

கடைசியாக, நம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. முன்பு கத்தரிக்கோல் நிலையத்தாரிடம் மட்டும் இருந்தது. இப்போது ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. ஒருவர் அரை மணி நேரம் பேசியதில் பத்து வினாடியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பக்கத்து வீட்டுச் சண்டையில் ஒருவர் கத்தியதை மட்டும் எடுத்து, அவரைக் கத்தவைத்ததை விட்டுவிடுகிறோம். பார்க்கிறவர்கள் நனைந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாளியைத் தூக்கியது யார், ஏன் என்று கேட்பதில்லை. ஒளிபரப்பு நிறுவனத்திடம் எதிர்பார்க்கும் நேர்மையை நாம் நம்மிடமும் எதிர்பார்க்க வேண்டாமா? அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முன்னும் பின்னும் தெரியும் வரை அது உங்களோடு நிற்கட்டும். நீங்களே வெட்டி அனுப்பியிருந்தால், வெட்டினேன் என்று சொல்லுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு நான் பாக்கி வைத்த பதில் இதுதான்: "ஆம், தம்பி. வெட்டினால் சொல்லத்தான் வேண்டும். டம்ளரை உடைத்தாலும், படத்தை வெட்டினாலும் அதே சட்டம்தான். பெரியவர்கள் அதை மறந்துபோனால், அன்று கேட்டது போல் நீ மறுபடியும் கேள்."